வீடு மனைவி பெயரில். வரி யார் தலையில்?

தாம்பரத்தில் தெருவுக்குத் தெரு ஒரு பலகை தொங்குகிறது. "வீடு வாடகைக்கு" என்று அதில் எழுதி இருக்கும். சேலையூர், குரோம்பேட்டை, பெருங்களத்தூர், முடிச்சூர் - எங்கே போனாலும் இதே காட்சிதான். கீழே வீட்டுக்காரர் குடி இருப்பார். மாடியில் வாடகைக்காரர் இருப்பார். மாடிக்கு மேல் இன்னொரு மாடிக்குக் கம்பி கட்டிக்கொண்டு இருப்பார்கள்.

"வீடு யார் பெயரில் இருக்கிறது?" என்று கேட்டால் பல வீடுகளில் ஒரே பதில்தான் வரும்.

"அம்மா பெயரில்!"

கணவர் சம்பாதித்தார். மனைவி பெயரில் மனை வாங்கினார். வீடு கட்டினார். இப்போது வாடகை வருகிறது. இந்த வாடகைக்கு வருமான வரி கட்ட வேண்டியவர் யார்? கணவரா? மனைவியா?

"பத்திரம் மனைவி பெயரில் இருக்கிறது. வாடகையும் மனைவியின் பாங்கிக் கணக்கில்தான் விழுகிறது. ஆகவே மனைவிதான்" என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள்.

சட்டம் அப்படி நினைக்கவில்லை. பத்திரத்தில் யார் பெயர் என்று அது முதலில் கேட்பது இல்லை. வீட்டுக்குப் பணம் யாருடையது என்று கேட்கிறது.

<b>மனைவி பெயரில் ஏன்?</b>

மனைவி பெயரில் வீடு வாங்குவது ஒன்றும் குற்றம் அல்ல. இதை முதலில் சொல்லிவிட வேண்டும். ஏனென்றால், "பினாமி" என்ற சொல்லைக் கேட்டுப் பலர் பயந்து போய் இருக்கிறார்கள்.

பினாமி தடைச் சட்டம் 1988-ல் வந்தது. 2016-ல் அதைக் கடுமை ஆக்கினார்கள். ஆனால் கணக்கில் காட்டிய பணத்தைக் கொண்டு ஒருவர் தன் மனைவி பெயரிலோ, பிள்ளை பெயரிலோ சொத்து வாங்கினால் அது பினாமி ஆகாது. சட்டமே அப்படிச் சொல்கிறது.

பெண்கள் பெயரில் வாங்குவதற்குத் தமிழ்நாடு அரசு சலுகையும் கொடுத்து இருக்கிறது. 10 லட்சம் ரூபாய் வரை மதிப்புள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் பதிவு செய்தால், பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. 2025 ஏப்ரல் 1-ந் தேதி முதல் இந்தச் சலுகை நடைமுறைக்கு வந்தது. (தாம்பரத்தில் 10 லட்சத்துக்குள் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. அது வேறு கதை.)

"எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் அவள் தெருவில் நிற்கக்கூடாது" என்ற கவலையும் உண்டு. சொல்லப்போனால் பல கணவர்களுக்கு அதுதான் முதல் காரணம். வரி என்ற எண்ணமே அவர்களுக்கு இருந்து இருக்காது. ஆனால் நல்ல எண்ணத்தோடு செய்தாரா, வரியைக் குறைக்கச் செய்தாரா என்று இந்தச் சட்டம் பார்ப்பது இல்லை. இருவருக்கும் ஒரே கணக்குதான்.

<b>85 ஆயிரம் ரூபாய்!</b>

இதனால் எவ்வளவு பணம் வித்தியாசம் வரும்? ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஒரு கணவர். தாம்பரம் ஏற்றுமதி மண்டலத்தில் உள்ள கம்பெனியில் வேலை. ஆண்டுச் சம்பளம் 11 லட்சத்து 75 ஆயிரம் ரூபாய். மனைவிக்கு வேலை இல்லை. வீட்டு வேலை எல்லாம் அவர் தலையில் இருக்கிறது. ஆனால் சம்பளம் இல்லை. மாடியில் இரண்டு குடித்தனம். ஒவ்வொன்றுக்கும் 15 ஆயிரம். மாதம் 30 ஆயிரம். ஆண்டுக்கு 3 லட்சத்து 60 ஆயிரம் ரூபாய் வாடகை.

இதில் மாநகராட்சிக்குக் கட்டிய சொத்து வரியைக் கழிக்கலாம். அது 10 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 3 லட்சத்து 50 ஆயிரம். அதில் நூற்றுக்கு 30 வீதம் சட்டமே கழித்துக் கொடுக்கிறது. வெள்ளை அடித்தாலும் சரி, அடிக்காவிட்டாலும் சரி. மோட்டார் ரிப்பேர், தண்ணீர்த் தொட்டி ரிப்பேர் என்று தனியாகப் பில் காட்ட முடியாது. 1 லட்சத்து 5 ஆயிரம் கழிந்தால் மீதி 2 லட்சத்து 45 ஆயிரம். இதுதான் வரிக்கு உரிய வாடகை வருமானம்.

இந்த 2 லட்சத்து 45 ஆயிரமும் மனைவியின் வருமானம் என்றால் வரி ஒரு பைசா கிடையாது. 2025-26-ம் ஆண்டுக் கணக்கில், புதிய வரி முறைப்படி 4 லட்சம் வரை வரி இல்லை.

கணவருக்கும் வரி இல்லை. சம்பளத்தில் நிலையான கழிவு 75 ஆயிரம் போனால் 11 லட்சம் நிற்கும். அதே ஆண்டுக் கணக்கில் 12 லட்சம் வரை வருமானம் உள்ளவருக்கு வரி முழுவதும் தள்ளுபடி.

ஆனால் அந்த வாடகை கணவரின் வருமானம் என்று ஆகிவிட்டால்? 11 லட்சத்தோடு 2 லட்சத்து 45 ஆயிரம் சேரும். மொத்தம் 13 லட்சத்து 45 ஆயிரம். 12 லட்சத்தைத் தாண்டிவிட்டதால் தள்ளுபடி போய்விடும். வரி 81 ஆயிரத்து 750 ரூபாய். அதன்மேல் 4 சதவீத மேல்வரி 3 ஆயிரத்து 270. ஆக மொத்தம் 85 ஆயிரத்து 20 ரூபாய்!

ஏறக்குறைய 3 மாத வாடகை அப்படியே போகிறது. வீடு அதேதான். குடித்தனக்காரர்களும் அவர்களேதான். "இது யார் வருமானம்?" என்ற ஒரு கேள்விக்கு விடை மாறியதால் வந்த வித்தியாசம் இது.

<b>சட்டம் என்ன சொல்கிறது?</b>

இந்தியாவில் வருமான வரியைப் பொறுத்தவரை கணவன் வேறு, மனைவி வேறு. இருவரும் தனித்தனி ஆட்கள். மனைவி சொந்தமாகச் சம்பாதித்தால் அவருக்குத் தனிக் கணக்கு. மனைவிக்குத் தாய் வீட்டில் சீதனமாக வந்த வீட்டில் வாடகை வந்தால் அது அவர் வருமானம். கணவர் அதில் தலையிட முடியாது. வரி அதிகாரியும் அதைக் கணவர் கணக்கில் சேர்க்க முடியாது.

ஆனால் கணவர் தன் வீட்டை மனைவிக்குத் தானமாக எழுதிக் கொடுத்தால் கதை வேறு. தகுந்த விலை வாங்காமல் கொடுத்த வீட்டுக்குக் கணவரே சொந்தக்காரர் என்று சட்டம் கருதுகிறது. 1961-ம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தில் இது 27-வது பிரிவு. வீடாகக் கொடுக்காமல் பணமாகக் கொடுத்து, அந்தப் பணத்தில் மனைவி வீடு வாங்கினால்? அப்போது 64-வது பிரிவு வந்து நிற்கும். வாடகை கணவர் கணக்கில் சேரும்.

சார்பதிவாளர் அலுவலகத்தில் வீடு மனைவியுடையதுதான். பட்டாவும் அவர் பெயரில்தான். அவர் விற்கலாம், அடமானம் வைக்கலாம். அவர் கையெழுத்து இல்லாமல் கணவர் ஒரு செங்கல்லைக்கூட விற்க முடியாது. வரி அலுவலகத்தில் மட்டும் அந்த வீட்டின் வாடகைக்குக் கணவர்தான் பொறுப்பாளி!

மனைவி வேலை பார்த்து, அவர் பணத்தில் கணவர் பெயரில் வீடு வாங்கினாலும் இதே கதிதான். அப்போது வாடகை மனைவியின் கணக்கில் சேரும். பழைய 1922-ம் ஆண்டுச் சட்டம் மனைவிக்குக் கொடுப்பதைப் பற்றி மட்டுமே பேசியது. 1961-ம் ஆண்டுச் சட்டம் இருவரையும் ஒரே தராசில் வைத்துவிட்டது.

பிள்ளைகள் விஷயம் இன்னும் வேடிக்கை. வயதுக்கு வந்த மகனுக்கு வீட்டை எழுதிக் கொடுத்தால் வாடகைக்கு வரி மகனுடையது. மனைவிக்கு எழுதிக் கொடுத்தால் வரி கணவருடையது.

<b>மாமனாரும் மருமகளும்</b>

இந்தச் சட்டம் எப்படி வந்தது? வெள்ளைக்காரர் காலத்தில், 1937-ல், 1922-ம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தி இதைச் சேர்த்தார்கள். வசதி உள்ளவர்கள் சொத்தை மனைவி, மக்கள் பெயரில் பிரித்து எழுதி வரியைக் குறைத்துக்கொண்டு இருந்தார்கள். அந்த வழியை அடைக்கவே சட்டம்.

வழியை அடைத்தால் மனிதன் சும்மா இருப்பானா? சந்து தேடுவான். அப்படித் தேடிய ஒரு வழக்கு சென்னையிலேயே நடந்தது. வருமான வரி படிக்கும் மாணவர்கள் இன்றும் அதைப் படிக்கிறார்கள். அது கோத்தாரி வழக்கு.

ஒரு தந்தை, இரண்டு மகன்கள். மூவரும் சேர்ந்து வியாபார நிறுவனம் நடத்தினார்கள். நாடு சுதந்திரம் அடைந்த 1947-ல், 90 ஆயிரம் ரூபாய்க்கு ஒரு வீடு வாங்க நிறுவனம் பேசி முடித்தது. பத்திரம் பதிவானபோது வாங்கியவர்கள் பெயர் மாறி இருந்தது. மூன்று பெண்கள் பெயர்! தந்தையின் மனைவி ஒருவர். இரண்டு மருமகள்கள். ஆளுக்கு மூன்றில் ஒரு பங்கு.

பணம் போன வழியைப் பாருங்கள். மாமியாரின் பங்குக்குப் பணம் கொடுத்தவர் அவருடைய கணவர் அல்ல, மகன். அந்த மகனுடைய மனைவியின் பங்குக்குப் பணம் கொடுத்தவர் அவளுடைய கணவன் அல்ல, மாமனார்.

"கணவன் மனைவிக்குக் கொடுத்தால்தானே சட்டம்? இங்கே எந்தக் கணவனும் தன் மனைவிக்குக் கொடுக்கவில்லையே! மகன் தாய்க்குக் கொடுத்தார். மாமனார் மருமகளுக்குக் கொடுத்தார். இதில் என்ன தவறு?" இதுதான் வாதம்.

கெட்டிக்காரத்தனமான வாதம்தான். வரி இலாகா ஒப்புக்கொள்ளவில்லை. வழக்கு சென்னை ஐகோர்ட்டுக்குப் போனது. அங்கே குடும்பத்தின் பக்கம் தீர்ப்பு வந்தது. இலாகா சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது.

1963-ல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பு சொன்னது. நேராகக் கொடுத்தாலும், சுற்றி வளைத்துக் கொடுத்தாலும் ஒன்றுதான் என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மகன் தாய்க்குக் கொடுத்ததும், தந்தை மருமகளுக்குக் கொடுத்ததும் ஒன்றுக்கு ஒன்று ஈடு. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொருவரும் தன் மனைவிக்கே கொடுத்ததாக ஆகிறது. இலாகா ஜெயித்தது.

அதோடும் விடவில்லை. மருமகளுக்கு மாமனாரோ, மாமியாரோ நேராகச் சொத்துக் கொடுத்தால்கூட அதன் வருமானத்தைக் கொடுத்தவர் கணக்கில் சேர்க்கும்படி பின்னால் சட்டத்தையே திருத்தினார்கள். 1973 ஜூன் 1-ந் தேதிக்குப் பிறகு கொடுத்த சொத்துக்கு அது பொருந்தும்.

<b>அன்புக்கு என்ன விலை?</b>

"தகுந்த விலை வாங்காமல்" என்று சட்டம் சொல்கிறது அல்லவா? அதைப் பிடித்துக்கொண்டு இன்னொரு வழக்கு நடந்தது.

பம்பாயைச் சேர்ந்த தொழில் அதிபர் துளசிதாஸ் கிளாசந்த், தன் மனைவிக்காகச் சில பங்குகளை ஒதுக்கி வைத்தார். "மனைவி மேல் எனக்கு உள்ள அன்புக்காகக் கொடுத்தேன். அன்பைவிடத் தகுந்த விலை வேறு எது?" என்கிற மாதிரி வாதம் வந்தது.

1960-களின் தொடக்கத்தில் சுப்ரீம் கோர்ட்டு இதற்கும் பதில் சொன்னது. அன்பு உயர்ந்ததுதான். ஆனால் வருமான வரிச் சட்டத்தில் "தகுந்த விலை" என்றால் பணத்தால் அளக்கக் கூடியதாக இருக்க வேண்டும். அன்பு அதில் சேராது.

சட்டம் கல்நெஞ்சம் கொண்டது என்று தோன்றலாம். ஆனால் அன்பை விலையாக ஒப்புக்கொண்டால் ஊரில் ஒரு கணவர்கூட வரி கட்ட மாட்டார் என்பதும் உண்மைதானே?

<b>தாலிக்கு முன்</b>

வரி இலாகா தோற்ற வழக்குகளும் உண்டு. கல்கத்தாவில் ஒருவர், தான் மணக்கப்போகும் பெண்ணுக்குக் கம்பெனிப் பங்குகளை எழுதி வைத்தார். அதன் பிறகு திருமணம் நடந்தது. இது 1947-ல். அந்தப் பங்குகளின் வருமானத்தைக் கணவர் கணக்கில் சேர்த்தது இலாகா. சுப்ரீம் கோர்ட்டு 1963-ல் அதை ஒப்புக்கொள்ளவில்லை. கொடுத்த நாளில் அவள் மனைவி அல்ல. ஆகவே "மனைவிக்குக் கொடுத்தது" ஆகாது!

தாலி கட்டும் முன் கொடுத்தால் ஒரு நியாயம். கட்டிய மறுநாள் கொடுத்தால் இன்னொரு நியாயம்.

நம் வீட்டுப் பெண்களுக்கு மிகவும் பயன்படும் தீர்ப்பு இன்னொன்று. சிறுவாட்டுப் பணம் இருக்கிறதே, அதைப் பற்றியது. வீட்டுச் செலவுக்குக் கொடுத்த பணத்தில் மிச்சம் பிடித்து, அரிசிப் பானையில் போட்டு வைத்துச் சேர்த்தது. அதைக் கொண்டு மனைவி சொத்து வாங்கினால் அது கணவர் கொடுத்த சொத்து ஆகாது என்று 1956-ல் நாகபுரி ஐகோர்ட்டு தீர்ப்பில் இருக்கிறது.

சிறுவாட்டுப் பணத்தில் ஒரு வீடே வாங்கிவிட்டேன் என்றால் எந்த அதிகாரியும் நம்ப மாட்டார். மனைக்கு முன்பணம் கொடுத்தேன் என்றால் நம்பலாம். பாங்கியிலோ, தபால் அலுவலகத்திலோ ஆண்டுக்கணக்காகப் போட்டு வைத்த கணக்கு இருந்தால்.

<b>நகை எங்கே? ரசீது எங்கே?</b>

இந்த விஷயத்தில் பெண்களுக்கு நேரும் நஷ்டம் இங்கேதான் இருக்கிறது.

புறநகரில் ஒரு வீடு எழும்புவதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அஸ்திவாரத்துக்குக் கணவரின் சேமிப்பு. சுவர் எழும்பப் பாங்கிக் கடன். தளம் போடும்போது கையில் பணம் இருக்காது. அப்போது மனைவியின் கழுத்தில் இருப்பது இறங்கும். அம்மா வீட்டில் போட்ட வளையல், நெக்லஸ், சில சமயம் தாலிச் சங்கிலிகூட!

அந்த நகை மனைவியின் சொந்தச் சொத்து. அதை விற்ற பணம் மனைவியின் பணம். அந்த அளவுக்கு வீட்டில் அவருக்கு உண்மையான பங்கு உண்டு. அந்தப் பங்குக்கு உரிய வாடகை அவருடைய வருமானம். கணவர் கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

ஆனால் நிரூபிக்க வேண்டுமே! நகையை விற்ற ரசீது எங்கே? பணம் பாங்கி வழியாகப் போனதா, கையில் வாங்கிக் கொத்தனாரிடம் கொடுத்ததா? பெரும்பாலான வீடுகளில் ரசீது இல்லை. கணவரின் சம்பளத்துக்குச் சீட்டு இருக்கிறது. பாங்கிக் கடனுக்குப் புத்தகம் இருக்கிறது. மனைவியின் வளையலுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. காகிதம் இல்லாததால், அவர் பணமும் கணவர் கொடுத்ததாகவே கணக்கில் ஏறிவிடுகிறது.

வீடு கட்டுகிறவர்கள் இதை இப்போதே கவனிக்க வேண்டும். நகை விற்றால் ரசீதை மனைவி பெயரில் வாங்க வேண்டும். பணத்தை அவர் பாங்கிக் கணக்கில் போட்டு, அங்கிருந்து செக்காகக் கொடுக்க வேண்டும்.

இருவர் பெயரிலும் வாங்குகிறவர்கள் ஆளுக்கு எவ்வளவு பங்கு என்று பத்திரத்திலேயே எழுதிவிடுவது நல்லது. 60 லட்சம் ரூபாய் வீட்டில் மனைவி தன் சொந்தப் பணம் 20 லட்சம் போட்டால் மூன்றில் ஒரு பங்கு அவருடையது. வாடகையிலும் மூன்றில் ஒரு பங்கு அவர் கணக்கு. பெயரை மட்டும் சேர்த்து, பணம் முழுவதும் கணவரே போட்டால் அந்தப் பெயரால் வரி குறையாது. கடன் தவணையை யார் கணக்கில் இருந்து கட்டுகிறார்கள் என்பதையும் பார்ப்பார்கள்.

கணவர் மனைவிக்குக் கடனாகக் கொடுக்கலாம். கடன் பத்திரம் வேண்டும். நியாயமான வட்டி வேண்டும். மனைவி அதை உண்மையாகத் திருப்பிக் கட்ட வேண்டும். அந்த வட்டி கணவருக்கு வருமானம். காகிதத்தில் மட்டும் கடன் என்று எழுதி வைத்தால் பயன் இல்லை.

இன்னொரு நல்ல செய்தியும் இருக்கிறது. கணவர் கொடுத்த வீட்டின் வாடகைக்குத்தான் கணவர் வரி கட்ட வேண்டும். அந்த வாடகையை மனைவி சேர்த்து வைத்து பாங்கியில் போட்டு, அதற்கு வட்டி வந்தால் அந்த வட்டி மனைவியின் வருமானம்.

<b>எப்படித் தெரியும்?</b>

"இதெல்லாம் அவர்களுக்கு எப்படித் தெரியப் போகிறது?" என்று கேட்கிறவர்கள் உண்டு.

மாடியில் குடி இருப்பவர் வழியாகவே தெரியும்! அவர் சம்பளக்காரராக இருந்து, வீட்டு வாடகைப் படிக்கு வரிச் சலுகை கேட்டால், ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டும்போது வீட்டுக்காரரின் பான் நம்பரைத் தன் கம்பெனிக்குக் கொடுக்க வேண்டும். மாதம் 9 ஆயிரம் வாடகை என்றாலே லட்சம் தாண்டிவிடும். பெரிய மதிப்புள்ள சொத்து கைமாறினால் பதிவு அலுவலகமே வரி இலாகாவுக்குத் தகவல் அனுப்புகிறது. வேலையே பார்க்காத மனைவி பெயரில் பெரிய வீடு இருந்தால், "பணம் எங்கிருந்து வந்தது?" என்று கேள்வி வருவது இயல்பு. அப்போது வரியோடு வட்டியும் அபராதமும் சேரும்.

<b>சீமையில் எப்படி?</b>

இங்கிலாந்தில் வழி வேறு. 1990 வரை அங்கே மனைவியின் வருமானமே கணவரின் வருமானமாகக் கருதப்பட்டது. அந்த ஆண்டு ஏப்ரலில் இருந்துதான் மனைவிக்குத் தனிக் கணக்கு வந்தது. இப்போது அங்கே கணவன், மனைவி இருவர் பெயரிலும் வீடு இருந்தால் வாடகையைச் சரிபாதியாகப் பிரித்துத்தான் வரி போடுவார்கள். பங்கு வேறு மாதிரி இருந்தால் அதற்கு ஒரு பாரம் நிரப்பி, சான்று காட்ட வேண்டும். கணவர் மனைவிக்கு வீட்டை முழுமையாகத் தானம் கொடுத்துவிட்டால் வாடகை மனைவியின் வருமானம்தான்.

மனைவிக்குத் தனிக் கணக்கு கொடுப்பதில் நாம் இங்கிலாந்துக்கு முன்னோடி. மனைவிக்குக் கொடுத்த தானத்தை நம்புவதில் அவர்கள் நமக்கு முன்னால் இருக்கிறார்கள்.

அமெரிக்காவில் கணவன், மனைவி விரும்பினால் இருவர் வருமானத்தையும் ஒன்றாகச் சேர்த்து ஒரே கணக்காகக் கொடுக்கலாம். அங்கே வீடு யார் பெயரில் என்ற சண்டைக்கே இடம் குறைவு.

அது போன்ற கூட்டுக் கணக்கு முறை இந்தியாவிலும் வேண்டும் என்று பட்டயக் கணக்கர் கழகம் 2025-ம் ஆண்டு பட்ஜெட்டுக்கு முன் யோசனை சொன்னது. அந்த பட்ஜெட்டில் அது இடம்பெறவில்லை. அதே 2025-ல், 1961-ம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய வருமான வரிச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. 2026 ஏப்ரல் 1-ந் தேதி முதல் அமலுக்கு வரும்படி அது இயற்றப்பட்டது. சொற்களை எளிதாக்கினார்கள், பிரிவு எண்களை மாற்றினார்கள். மனைவிக்குத் தகுந்த விலை வாங்காமல் கொடுத்த வீட்டின் வாடகை கணவர் கணக்கில்தான் என்ற விதியை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள்.